கட்டுகிறவனின் யோக்கியதை

பிறருடைய பணத்தை வாங்கி, பிறர் குடியிருப்பதற்கும் நடந்துபோவதற்கும் ஒன்றை நிர்மாணித்துக் கொடுக்கிறவனிடம் என்ன யோக்கியதை இருக்க வேண்டும் என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்க்கிறவர்களுக்கு நகராட்சிப் பொறியாளரின் மேஜைமீது கிடக்கும் ஒரு கோப்புக்குள் அடங்கிவிடுகிற விஷயமாகவே தோன்றும். பதிவு வகுப்பு இன்னது, முன்வைப்புத் தொகை இவ்வளவு, சொத்து மதிப்புச் சான்று இத்தனை லட்சத்துக்கு இருக்க வேண்டும், இதேபோன்ற வேலை ஒன்றை முன்னரே முடித்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் நாலு வரி அச்சாகிவிட்டால், கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று என்று நாமும் நிம்மதி அடைந்துவிடுகிறோம். ஆயினும் அந்த நாலு வரிகளுக்குப் பின்னால் நம் முன்னோர் வெகுகாலம் சிந்தித்த தர்மப் பிரச்னை ஒன்று இருக்கிறது. ஒரு காரியத்தைச் செய்ய ஆசைப்படுகிற எல்லோருக்கும் அதைச் செய்யும் உரிமை உண்டா, அல்லது தகுதி வந்த பிறகுதான் உரிமை பிறக்கிறதா என்பதே அது.

வேதாந்தம் உரைக்கும் நூல்கள் பிரம்மத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், இதைக் கேட்கத் தகுந்தவன் யார் என்று விசாரிப்பது வழக்கம். நித்தியம் எது, அநித்தியம் எது என்று பிரித்தறியும் விவேகமும், வைராக்கியமும், சமம் முதலான ஆறு குணங்களும், முக்தியில் வேட்கையும் ஆகிய நான்கு சாதனங்கள் வாய்த்தவனுக்கே இந்த வித்தை உரியது என்று அவை வரையறுக்கின்றன. தகுதி வாராதவன் கையில் சேர்ந்த உயர்ந்த பொருள் தானும் கெட்டு அவனையும் கெடுத்துவிடும் என்ற கருணையே அந்த வரையறைக்குக் காரணம். ஆத்ம வித்தையில் தவறினால் தவறியவனே நஷ்டப்படுகிறான். அங்கேயே இவ்வளவு பரீக்ஷை வேண்டுமென்றால், ஒருவன் செய்யும் பிழை முன்பின் அறியாத மற்றவர் தலையில் விழக்கூடிய தொழிலில் எவ்வளவு பரீக்ஷை வேண்டும்? 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அந்தச் சுவரைக் கட்டியவரைத் தேர்ந்தெடுத்ததில் அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பங்கும் இல்லை. இடைவேளை மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளையும் போல அவர்கள் அங்கே போனார்கள், அவ்வளவுதான்.

கடையத்தில் வாழ்கிற எங்களுக்குத் தென்காசிக் கோயிலின் சாசனம் ஒன்று இந்த விஷயத்தில் பெரிய வழிகாட்டி. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதருக்கு அந்த ஆலயத்தை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், தான் கட்டியது என்றும் குறைவற்று நிற்கும் என்று கர்வம் கொள்ளவில்லை. பிற்காலத்தில் அதற்கு ஏதேனும் பழுது நேருமானால், அதைச் சீர்செய்து காப்பாற்றுகிறவர் எவராயினும் அவரைத் தான் வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். முடிசூடிய அரசன் ஒருவன், இன்னும் பிறந்திராத ஒரு கொத்தனாரின் முன்னால் தலை வணங்குகிற காட்சி அது. கட்டினவனுடைய பொறுப்பு அவன் ஆயுளோடு தீர்ந்துவிடுவதில்லை என்றும், கட்டடத்தில் குற்றம் வரக்கூடும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளும் விநயம் கட்டுகிறவனுக்கு வேண்டும் என்றும் இரண்டு உண்மைகளை அந்தக் கல் சொல்லுகிறது. அந்தக் கோயிலின் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் குறையுருவாக நின்றதும், 1990-இல் பலருடைய முயற்சியால் மீண்டும் நிமிர்ந்ததும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கண்ணால் கண்டவை. பாண்டியன் வணங்கிய வணக்கம் ஐந்து நூற்றாண்டுக்குப் பின் உரியவர்களைச் சேர்ந்தது.

கட்டுமானத் தொழிலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கிறவர்கள், எங்கள் ஊர்ப் பக்கத்தில் தெருவோரம் வாறுகால் போடுகிற இடத்தில் அரைநாள் நின்று பார்க்க வேண்டும். பள்ளம் தோண்டி, அடியில் ஜல்லி பரப்பி இடித்து, பலகை அடைத்து, கலவை இயந்திரத்தில் சிமெண்டும் எம்-சாண்டும் ஜல்லியும் கொட்டியபின், தண்ணீர் ஊற்றுகிறவரின் கைதான் அந்த வாறுகாலின் ஆயுளை நிர்ணயிக்கிறது. தண்ணீர் இரண்டு வாளி கூடுதலாக விழுந்தால் கலவை இளகி எளிதாக ஓடும். சித்தாள்களுக்குச் சிரமம் குறையும். வேலை மத்தியானத்துக்குள் முடியும். ஆனால் காய்ந்தபின் அந்தக் கான்கிரீட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்து, பலம் பாதிக்கு இறங்கிவிட்டாலும் இறங்கிவிடும். போட்டு முடித்த பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி, சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டானால் 10 நாளும் நீர் காட்ட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தின் 456-ஆம் எண் விதித்தொகுப்பு சொல்லுகிறது. ஆனிச் சாரல் விழும் நாட்களில் வானமே அந்தக் கடமையில் பாதியைச் செய்துவிடும். பங்குனி வெயிலில் ஒருநாள் சாக்கு உலர்ந்துவிட்டால் போயிற்று. எல்லாம் முடிந்து மேலே ஒரு பூச்சுப் பூசி, ரசமட்டம் வைத்து அளந்து, அளவுப் புத்தகத்தில் நீளம் அகலம் கனம் என்று எழுதிவிட்டால், நன்றாகப் போட்ட வாறுகாலும் கெட்டதாகப் போட்ட வாறுகாலும் பார்வைக்கு ஒன்றேதான். பதினைந்து சென்டிமீட்டர்க் கனசதுரக் கட்டிகளை வார்த்து 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. ஆனால் சோதனைக்குப் போகும் கட்டியை வார்த்த கையும் வாறுகாலை வார்த்த கையும் ஒன்றாக இருக்கிறவரையில், அந்தச் சோதனையும் அந்தக் கையின் நாணயத்தை நம்பியே நிற்கிறது.

ஆகவே கட்டுமானம் என்பது பெரும்பாலும் இறைவன் ஒருவனே சாட்சியாக இருக்கும் இடத்தில் நடைபெறுகிற காரியம். பூச்சுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்துவிடுவதைப் பின்னால் எவராலும் முழுமையாகப் பரிசீலிக்க முடியாது. பின்னால் பரிசீலிக்க முடியாத தொழிலில் முன்னால் பரிசீலிப்பது ஒன்றே வழி. குறைந்தபட்சத் தகுதி என்று நாம் விதிக்கிறவற்றின் ஆதார நியாயம் இதுதான்.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் கர்மத்தை மூன்று வகையாகப் பிரிக்கிற இடத்தில், தாமஸ கர்மத்துக்குச் சொல்லுகிற இலக்கணம் ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரும் தமக்குள் ஓதிக்கொள்ளத் தக்கது. பின்விளைவு என்ன, நஷ்டம் எவ்வளவு, யாருக்கு என்ன ஹிம்சை நேரும், இதைச் செய்து முடிக்கும் திறன் தன்னிடம் உண்டா என்று ஒன்றையும் எண்ணிப் பாராமல், மயக்கத்தினால் மேற்கொள்ளப்படும் காரியமே தாமஸம் என்று அங்கே சொல்லப்படுகிறது. கெட்ட எண்ணம் அந்த இலக்கணத்தில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் திறனை அளக்காமல் இறங்குவதே போதும், நல்லவனுடைய செயலும் இருளில் சேர்ந்துவிடும். வள்ளுவரும் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, எடுத்த வினையின் பாரத்தையும் தன் வலிமையையும் சீர்தூக்காமல் ஊக்கத்தினாலேயே புறப்பட்டு இடையில் முறிந்துபோகிறவர்களை எச்சரிக்கிறார்.

இந்த இலக்கணத்துக்கு நம் காலம் கண்ட கொடிய உதாரணம் குஜராத்தில் மோர்பி நகரம். மச்சு நதியின் மேல் 19-ஆம் நூற்றாண்டில் அமைந்த தொங்குபாலத்தைப் பழுதுபார்த்து நடத்தும் பொறுப்பை அந்த நகராட்சி 2022-இல், ஒப்பந்தப்புள்ளி எதுவும் கோராமலேயே, சுவர்க் கடிகாரம் செய்வதில் பெயர்பெற்ற ஒரு கம்பெனிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குக் கொடுத்தது. அந்தக் கம்பெனி பழுதுபார்க்கும் வேலையை இன்னொருவரிடம் விட்டது. நடைதளத்துப் பலகையை மாற்றி அலுமினியத் தகடு பதித்தார்கள். பாலத்தைத் தாங்கிய பழைய வடங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அக்டோபர் 26-ஆம் தேதி, குஜராத்திகளின் புத்தாண்டில், தகுதிச் சான்று எதுவும் பெறாமல் பாலம் திறக்கப்பட்டது. 30-ஆம் தேதி மாலை அறுந்து விழுந்தது. 135 உயிர்கள் போயின. பின்னால் ஆராய்ந்தவர்கள், அறுந்த வடத்தின் 49 கம்பிகளில் 22 கம்பிகள் விபத்துக்கு முன்பே துருவேறி இற்றிருந்ததைக் கண்டார்கள். கடிகாரம் செய்வது கௌரவமான தொழில். அதில் தேர்ந்தவருக்கு வடத்தின் உள்ளிருக்கும் துருவைக் காணும் கண் இருக்க வேண்டும் என்ற நியாயம் இல்லை. அந்தக் கண் தமக்கு இல்லை என்று அவர் ஒதுங்கியிருக்க வேண்டும். இருக்கிறதா என்று கொடுத்தவர் விசாரித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடந்திருந்தாலும் 135 பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

இங்கே கொடுப்பவனுடைய தர்மத்துக்கு வருகிறேன். எனக்கு இதுவே பிரதானம். குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஆளை ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியவன்மேல் பிறகு சந்தேகம் கொள்வதையும் ஒருங்கே தீராத துன்பம் என்று கண்டவர் வள்ளுவர். தேர்வு தவறினால் வரும் துன்பம் தேர்ந்தெடுத்தவனையும் அவன் வழிவந்தவர்களையும் சாரும் என்பது அவர் கருத்து. இன்றைய நகர நிர்வாகத்தில் இந்தப் பொறுப்பு விலைப்பட்டியலின் கடைசி வரிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2000-இல் வந்தன. இருகவர் முறையில் தொழில்நுட்பக் கவரை முதலில் பிரித்து, அதில் தேறியவர்களுடைய விலைக் கவரை மட்டுமே பிரிப்பதும், தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுப்பதும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் கவரில் தேறுவதற்கான அளவுகோலைச் சிரத்தையில்லாமல் வகுத்துவிட்டால், இரண்டாவது கவர் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. குறைந்த விலையை ஏற்றதால் பொதுப் பணத்தைக் காத்தோம் என்று அதிகாரிகள் சமாதானம் சொல்ல முடிகிறது.

குறைந்த விலை என்பதே சில சமயங்களில் ஒரு பொய். மதிப்பீட்டில் கண்ட சிமெண்டையும் கம்பியையும் வாங்கி, கூலியையும் கொடுத்தால் இவ்வளவுக்குக் கீழே முடிக்க இயலாது என்று தெரிந்திருந்தும், அதற்குக் கீழே ஒரு தொகையை எழுதிக் கையெழுத்திடுகிறவர், காப்பாற்ற முடியாது என்று தாமே அறிந்த ஒரு வாக்குறுதியைக் கொடுக்கிறார். அந்தக் கணக்கு எங்கேயாவது சரிக்கட்டப்பட்டே தீரும். கலவையில், கம்பியின் இடைவெளியில், தொழிலாளியின் கூலியில். சென்னை புளியந்தோப்பில் கே.பி. பார்க் குடியிருப்புகளில் 2021-இல் ஏழை மக்கள் குடியேறியபோது, புதிய சுவரின் பூச்சு விரல் பட்டாலே உதிர்ந்ததையும், சென்னை ஐ.ஐ.டி. அழைக்கப்பட்டு ஆராய்ந்ததையும், பொறியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதையும் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. அங்கே கணக்கு எந்த இடத்தில் பிசகியது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் தெரிந்தே அந்தப் பொய்யை ஏற்றுக்கொள்கிற நிர்வாகம் எங்கே இருந்தாலும், அது அந்தப் பொய்யில் சரிபாதிப் பங்காளி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளை வகுக்கும் இடத்தில் தாங்கள் மேல்முறையீட்டு அதிகாரிகளைப் போல நுழைவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் டாட்டா செல்லுலர் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. நீதிமன்றம் விலகி நிற்கும் அந்த இடத்தில் நிர்வாகியின் மனச்சாட்சிதான் நிற்க வேண்டும்.

என்ன தகுதி என்று கேட்டால், நம் பழைய நூல்கள் வியக்கத்தக்க விவரத்தோடு பேசுகின்றன. மயமதம் ஸ்தபதியின் இலக்கணம் சொல்லும்போது கணிதம் அறிந்தவன் என்பதோடு நிற்பதில்லை. சத்தியம் பேசுகிறவன், இந்திரியங்களை வென்றவன், பேராசையில்லாதவன், பொறாமையில்லாதவன், அசட்டை செய்யாதவன், நோயற்றவன் என்று குணங்களையும் சேர்த்தே எண்ணுகிறது. கௌடில்யரோ குணத்தை நம்பி இருக்கிறவர் அல்லர். அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணத்தில், கைவினைஞர்களிடமிருந்து குடிகளைக் காப்பது என்ற தலைப்பில், நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்ய வல்லவர்கள், வேலையாட்களை ஏவி நடத்தத் தெரிந்தவர்கள், தம் முதலைப் போட்டுத் தொழில் செய்கிறவர்கள், தம் சிரேணியின், அதாவது தொழிற்குழுவின், நம்பிக்கைக்கு உரியவர்கள் ஆகியோரே பிறர் பொருளை ஒப்புக்கொண்டு வாங்கலாம் என்று விதிக்கிறார். குறித்த காலத்தைக் கடத்தினால் கூலியில் கால் பங்கு குறையும். அதைப்போல் இரு மடங்கு அபராதமும் உண்டு. இன்றைய பிணைத்தொகையும் தாமத அபராதமும் அங்கே அப்படியே இருக்கின்றன. நான் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று விரோதமாகப் பார்க்கவில்லை. மயன் கேட்பதைக் காகிதத்தில் அளக்க முடியாது, கௌடில்யர் கேட்பதை அளக்கலாம். அளக்கக்கூடியதை அளந்தபின்பும் அளக்க முடியாதது ஒன்று மிச்சமிருக்கிறது என்ற நினைவு தேர்வு செய்கிறவருக்கு இருந்தால் போதும்.

ஒரு பலமான ஆட்சேபணை இருக்கிறது. அதை மதித்தே பேச வேண்டும். தகுதி என்ற பெயரால் இந்தத் தேசத்தில் கோடிக்கணக்கானவர்கள் பிறப்பைக் காரணம் காட்டி வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். இன்றும் பத்துக் கோடி ஆண்டு வருமானம், பெரிய இயந்திரங்கள் சொந்தமாக இருத்தல் என்றெல்லாம் தேவைக்கு மீறிய நிபந்தனைகளை எழுதி, வேண்டிய ஒருவரைத் தவிர மற்றவர்கள் நுழைய முடியாமல் செய்துவிடலாம். கடையம் போன்ற ஊரில் முப்பது வருஷம் கொத்தனாராக இருந்து, தன் மகனைப் பாலிடெக்னிக்கில் படிக்கவைத்து, ஐந்தாம் வகுப்பு ஒப்பந்தக்காரராகப் பதிந்துகொண்டு முதல் வேலைக்கு மனுப்போடுகிற ஒருவரை, ஏற்கனவே செய்த வேலை உண்டா என்று கேட்டே திருப்பி அனுப்புவது அநியாயம். எனவே தகுதி என்பது முயன்றால் எவரும் அடையக் கூடியதாக இருக்க வேண்டும், எடுக்கும் வேலையின் அளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும். ஒரு தெரு வாறுகாலுக்கு வேண்டிய தகுதி வேறு, பல மாடிக் குடியிருப்புக்கு வேண்டிய தகுதி வேறு. பொதுப்பணித் துறையில் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புப் பிரித்ததன் கருத்தும் அதுவே.

உத்திரமேரூர்ச் சாசனத்தை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறித்த அந்த ஏற்பாட்டின்படி, ஏரியையும் தோட்டங்களையும் பார்த்துக்கொள்ளும் வாரியங்களுக்குக் குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும், வேதக் கல்வியும் வேண்டும். நிலத்தையும் வேதத்தையும் நிபந்தனையாக்கியது அந்தக் காலத்துச் சபையின் குறுகிய எல்லை. அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அதே சாசனத்தில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. முன்னர் ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வர முடியாது. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தவர்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், சகோதரியை மணந்தவன், மகளை மணந்தவன் என்று உறவுமுறை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அவர்களும் வர முடியாது என்று அது தடுக்கிறது. கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஒருவர் அடுத்த வருஷமே மைத்துனர் பெயரிலோ மருமகன் பெயரிலோ புதிய நிறுவனம் தொடங்கி அதே அலுவலகத்தின் வாசலில் வந்து நிற்கக்கூடும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கிராமத்தார் அறிந்து, அந்தக் கதவை அடைத்திருக்கிறார்கள். அந்தச் சாசனத்திலிருந்து நம் காலம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுவென்று கருதுகிறேன்.

எனவே நான் விதிக்கக்கூடிய குறைந்தபட்சத் தகுதி பணத்தைப் பற்றியதாக இராது. முன்பு கட்டியது இன்று எப்படி நிற்கிறது என்பதே முதல் கேள்வி. வேலை முடிந்த மறுநாள் பொறியாளர் எழுதிக் கொடுத்த சான்று இங்கே போதாது. நாலைந்து மழைக்காலம் கண்ட பிறகு அந்தக் கட்டடத்தை ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, அங்கே வசிப்பவர்களை விசாரித்து எழுதிய குறிப்பு வேண்டும். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், போட்ட சாலையை ஐந்து வருஷம் பராமரிப்பதும் போட்டவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்திருப்பது இந்த நியாயத்தை ஒட்டியதுதான். நகரத்துச் சாலைக்கும் வாறுகாலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது ஏன் பொருந்தாது? முதல் வேலைக்கு வருகிறவருக்குக் கட்டடம் சாட்சி சொல்ல முடியாது. அவர் யாரிடம் வேலை கற்றார் என்பது சாட்சி சொல்லட்டும், சின்ன வேலையாகக் கொடுத்துப் பார்க்கட்டும். காகிதத்தில் பெயர் உள்ள பொறியாளர் கலவை போடும் நாளில் அங்கே நிற்கிறாரா என்பது அடுத்தது. வேலையைப் பெற்று அப்படியே இன்னொருவருக்கு விற்றுவிடுகிறவருக்கு மறுமுறை இடமே கூடாது.

கடைசியாக, எடுபிடி ஆளுக்கும் சித்தாளுக்கும் கூலி பாக்கி வைத்தவர், அவர்கள் பெயரை நல வாரியத்தில் பதிய உதவாதவர், சாரத்தின் மேல் ஏறுகிறவருக்குத் தலைக்கவசமும் கயிறும் கொடுக்காதவர் எவ்வளவு பெரிய தனவந்தராக இருந்தாலும் தகுதியற்றவர் என்று எழுதிவைக்க வேண்டும். கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று தொழிலாளர் நலனுக்கு என்று சட்டம் ஒதுக்கியிருக்கிறது. அந்த ஒன்று அந்தத் தொழிலாளியைப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டியது வேலை கொடுப்பவர் கடமை. தம் மனைவி செல்லம்மாள் பிறந்த இந்தக் கடையத்தில், சிறையிலிருந்து விடுதலையாகி 1918-ன் கடைசியில் வந்து தங்கிய பாரதியார், கைத்தொழில் செய்கிறவர்களைப் படைப்புக் கடவுளுக்குச் சமமாக வைத்துப் பாடியவர். அந்தப் பாட்டை மேடையில் பாடிவிட்டு, அந்தத் தொழிலாளியை வஞ்சிக்கிறவருக்கு அரசாங்கப் பணத்தைக் கொடுப்பது நமக்கு அடுக்காது.

கடையம் ஒன்றியத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். காந்தி ஜயந்தி அன்று கூடும் கிராம சபைக்குப் போகிறவர்கள், சென்ற ஐந்து ஆண்டுகளில் நம் ஊரில் நடந்த ஒவ்வொரு கட்டுமான வேலையையும் செய்தவர் யார், குறைகளைத் திருத்திக் கொடுக்க வேண்டிய காலம் எந்தத் தேதியோடு முடிகிறது, அந்தத் தேதிக்குள் யாராவது போய்ப் பார்த்தார்களா என்ற மூன்று விவரங்களையும் எழுத்தில் கேளுங்கள். தென்காசி நகரவாசிகள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்தே நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் அந்த மூன்று விவரங்களையும் பெறலாம்.